காரின் மூக்கைச் சோதித்துப் பார்த்ததுண்டா?

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகிற வண்டிகள் பல, திருமயத்தில் ஒரு நிமிடமாவது நிற்கும். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டையை ஒட்டிச் சாலையோரம் இருக்கிறார் கோட்டை பைரவர். அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுநர்கள் மறுபடி கியர் போடுவார்கள். அந்த ஒரு நிமிடமும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஏ.சி.யும் ஓடும். முன்னால் ஒரு பஸ் உறுமிக் கிளம்பும். பக்கத்தில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு தாண்டும். பின்சீட்டில் இருக்கும் அப்பத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஓட்டுநரின் விரல் டேஷ்போர்டில் ஒரு பட்டனைத் தேடும். கார் படமும், அதற்குள்ளேயே வளைந்து திரும்பும் அம்புக்குறியும் போட்ட, வெளிக்காற்றை அடைக்கும் பட்டன் அது.

அந்த விரலுக்கு வேலை வைக்காமல், வெளிக்காற்று கெட்ட உடனே தானாகவே கதவடைக்கும் சென்சார் சில கார்களில் இருக்கிறது. அளவு தீப்பெட்டி போலத்தான். காருக்குள் தூசி எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் இன்னொரு சென்சாரும் இப்போது பரவலாக வந்துவிட்டது. ஷோரூமில் இவற்றைக் காட்டித்தான் விலை கூடிய மாடலை விற்கிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிரேக் பிடிக்காவிட்டால் கால் சொல்லிவிடும். ஏ.சி. குளிராவிட்டால் வேர்வை சொல்லிவிடும். இந்தச் சென்சார் செத்துப்போனால் பெரும்பாலும் ஒரு விளக்குகூட எரியாது. கோளாறு கம்ப்யூட்டரின் நினைவில் ஓர் எண்ணாகப் பதிந்து கிடக்கும், ஸ்கேனர் மாட்டினால்தான் வெளியே வரும். வாடகைக் கார் ஓட்டுபவருக்குக் காரின் உட்புறம்தான் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்து வீடு. அவருடைய நுரையீரலைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் கருவிக்கு சர்வீஸ் பட்டியலில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வண்டிக்காரரின் கண்ணெதிரே, உண்மையான ஆவியையும் புகையையும் தூசியையும் காட்டி அதைச் சோதிக்க வேண்டும்.

முதல் ரகம் வாயுவை மோப்பம் பிடிப்பது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்புத் தட்டிக்கு அடியிலோ, முன் கிரில்லுக்குப் பின்னாலோ அது உட்கார்ந்திருக்கும். அதற்குள் மெல்லிய டின் ஆக்சைடு படலம் ஒன்றும், அதைச் சுமார் 300 டிகிரி சூட்டில் வைத்திருக்க ஒரு குட்டி ஹீட்டரும் உண்டு. சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும். பெட்ரோல் வண்டிப் புகையின் கார்பன் மோனாக்சைடும், எரியாமல் மிஞ்சிய எரிபொருளும் வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். டீசல் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்தால் நேர்மாறாக மின்தடை ஏறும். இறங்கினாலும் ஏறினாலும் ஏ.சி.யின் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு வெளிக்காற்று வழியை மூடும்.

இந்த யோசனை காருக்காகப் பிறந்தது இல்லை. வீட்டில் சமையல் கேஸ் கசிந்தால் எச்சரிக்க வேண்டும் என்று ஜப்பானில் நவோயோஷி டகுச்சி 1962-ல் காப்புரிமைக்குக் கொண்டுவந்த சென்சார்தான் இதற்கு மூத்தது. 1990-களில் பி.எம்.டபிள்யூ போன்ற ஜெர்மன் கார்கள் அதே வழியைப் பிடித்து ஏ.சி.யோடு இணைத்தன.

இரண்டாவது ரகம் தூசியைப் பார்ப்பது. ஒரு சின்ன விசிறி காற்றை இழுத்து லேசர் ஒளிக்கு முன்னால் விடும். தூசி பட்டு ஒளி சிதறும். அந்தச் சிதறலிலிருந்து பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்குள் அடங்கும் நுண்தூசியின் அளவு, கணக்கிடப்படும். 2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. 2019 ஆகஸ்டில் வந்த கியா செல்டாஸ் இப்படி எண் காட்டும் காற்றுச் சுத்திகரிப்பானோடு வந்தது. பிறகு ஹூண்டாய், டாடா என்று மற்றவர்களின் கார்களிலும் அந்த எண் மின்ன ஆரம்பித்தது.

முதல் ரகத்தைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. இக்னிஷனைப் போட்டு, ஏ.சி.யை ஆட்டோவில் வைத்து, சென்சார் சூடேற ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். பானெட்டைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சை அதற்கு ஒரு சாண் தூரத்தில் காட்டினால் போதும். ஊற்றவோ ஸ்பிரே அடிக்கவோ கூடாது, ஈரம் பட்டால் சூடான படலம் கெட்டுவிடும். பஞ்சு கிட்டே போன சில நொடிகளில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி மோட்டார் 'சர்ர்' என்று முனகும். அடுத்த நொடி ப்ளோயர் இரைச்சல் கூடும். வெளிவழி அடைபட்டு, காருக்குள் இருக்கும் காற்றையே ப்ளோயர் இழுக்கிறது என்பதற்கு அந்த இரைச்சல்தான் அடையாளம். பஞ்சை அப்பால் கொண்டுபோய்ச் சற்றுக் காத்திருந்தால், வெளிவழியை அடைத்த மடல் திறந்து சத்தம் தணியும். மூடும் சத்தம், திறக்கும் சத்தம் இரண்டும் காதில் விழுந்தால் சென்சார், வயர், மோட்டார், மடல் நான்கும் நலம்.

மூடவில்லை என்றால் கையால் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது மடல் நகர்ந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, கோளாறு சென்சாரிலோ வயரிலோ இருக்கிறது. தட்டிக்கு அடியில் எலி கடித்த வயர் நம் ஊர்களில் புதிய சங்கதி இல்லை. இன்னொரு எதிரி பலருக்கும் தெரியாதது. டேஷ்போர்டைப் பளபளப்பாக்க அடிக்கும் பாலிஷ், ஓட்டை அடைக்கும் சீலன்ட் போன்றவற்றில் சிலிகான் இருந்தால் அதன் ஆவி சூடான படலத்தின் மேல் படிந்து அதை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்யும். வண்டியைக் கண்ணாடிபோல் துடைத்து வைக்கும் பழக்கமே அதன் மூக்கை அடைத்துவிடக்கூடும்.

இரண்டாவது ரகத்துக்கு ஓர் ஊதுபத்தி போதும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, திரையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்தியை ஏற்றி சென்சார் காற்று இழுக்கும் இடத்துக்கு அருகில் அரை நிமிடம் பிடிக்க வேண்டும். நாற்பது ஐம்பதில் நின்ற எண் நூறுகளில் துள்ள வேண்டும். பிறகு பத்தியை அணைத்து, சுத்திகரிப்பானை ஓட விட்டு, பழைய எண்ணுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். புது ஃபில்டரில் எடுத்த நேரத்தை எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து எடுக்கும் நேரம் ஃபில்டரின் வயதைச் சொல்லிவிடும். பத்திக்கும் அசையாத எண், ஓடாத கடிகாரம் காட்டும் மணிக்குச் சமம்.

சென்னையிலோ டெல்லியிலோ ஓடும் காருக்கு இந்த இரண்டு சோதனையும் ஓரளவு போதும். திருமயத்துக்குப் போதாது.

காரணம் கல். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. திருமயம் வட்டாரத்துச் சாலைகளில் டிப்பர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஜல்லியும் எம்.சாண்டும் கொண்டுபோகும் வண்டி தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் போனால், பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு விழும். மோப்பம் பிடிக்கும் சென்சாருக்குக் கல்தூசி தெரியாது, தூசியில் வாயு ஏது? லேசர் சென்சாரோ நுண்ணிய புகைத்துகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். பெரிய துகள்களை இந்த விலை குறைந்த சென்சார்கள் குறைத்தே காட்டுகின்றன. ஆக, கண்ணாடி வெளுத்துப்போன நேரத்திலும் திரை பச்சை நிறத்தில் நிம்மதி சொல்லக்கூடும். ஊதுபத்திக்குத் துள்ளிய எண், கரும்பலகை டஸ்டரைத் தட்டினால் பறக்கும் சாக்பீஸ் தூளுக்கும் அப்படியே துள்ளுகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் புலப்படும். கல்தூசியில் இருக்கும் சிலிக்கா, நுரையீரலுக்குள் தங்கிவிட்டால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரை கொண்டுபோகும் பொருள். சாலையில் ஓடும் வண்டிக்குள் அது வரும் வழியை மூடும் வேலை, இந்த ஊரில் இன்னும் ஓட்டுநரின் விரலிடமும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரிடமும்தான் இருக்கிறது. குவாரிச் சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை அந்த ஃபில்டர் தாங்காது. கழற்றித் தட்டினால் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மோப்பச் சென்சாருக்கு வேறொரு குணமும் உண்டு. அது காற்றின் அளவை மீட்டர் போல அளப்பதில்லை, சற்றுமுன் இருந்ததைவிட இப்போது கெட்டிருக்கிறதா என்றுதான் ஒப்பிடுகிறது. நல்ல காற்றிலிருந்து புகைக்குள் நுழைந்தால் சட்டென்று விழித்துக்கொள்ளும். புகைக்குள்ளேயே வெகுநேரம் நின்றால், அந்தப் புகையே அதற்கு இயல்பாகிவிடும். போகி அன்று விடியற்காலை டயர் புகை மூடிய தெருவிலேயே வண்டியைக் கிளப்பினால் என்ன செய்யும் என்பதற்கு விற்பனைக் காகிதத்தில் பதில் இருக்காது.

சரி, எதற்கு இந்தத் தலைவலி, வெளிவழியை எப்போதும் மூடியே வைத்தால் என்ன என்று நினைத்துப் பல ஓட்டுநர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். குளிர்ச்சியும் சீக்கிரம் கிடைக்கும். அங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். நான்கு பேருக்கு 80 லிட்டர். காரின் உள்ளிடம் சுமார் 3,000 லிட்டர். காற்று துளியும் கசியாத கார் என்று வைத்துக்கொண்டால், அது நிமிடத்துக்கு 400 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 400 பங்குக்கு) மேல் ஏறும். வெளிக்காற்றில் இருப்பதே 420 பிபிஎம் சொச்சம்தான். நிஜத்தில் ஓடும் காரில் இடுக்குகள் வழியே காற்று கசிவதால் ஏற்றம் இந்த வேகத்தில் இராது. ஆனாலும் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் வரை நான்கு பேர் மூடிய பட்டனோடு போனால், அறைகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் 1,000 பிபிஎம் எல்லையைத் தாண்டுவது நிச்சயம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுநருக்கு வரும் கொட்டாவியில் சோற்றுக்கு மட்டும் பங்கு இல்லை. மூட வேண்டிய நேரத்தில் மூடி, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கிற சென்சார் வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

திரையில் தெரியும் எண்ணிலும் குழப்பம் இருக்கிறது. சில கருவிகள் பிஎம் 2.5-ஐ மைக்ரோகிராமில் காட்டுகின்றன, சில காற்றுத் தரக் குறியீட்டைக் காட்டுகின்றன. குறியீடு என்றாலும் எந்த நாட்டுக் குறியீடு? ஒரு கனமீட்டர் காற்றில் 55 மைக்ரோகிராம் தூசி இருந்தால், 2015-ல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குறியீட்டில் அது சுமார் 90. 'திருப்திகரம்' என்ற பிரிவில் வரும். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் சுமார் 150. ஆஸ்துமாக்காரர்களும் குழந்தைகளும் முதியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அளவு. ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்கள், ஒரே காற்றுக்கு இரண்டு சான்றிதழ் கொடுக்கலாம். எந்த அளவுகோல் என்பதைத் திரையிலேயே எழுத வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

சோதனைக்கூடத்தில் தேறியதைச் சாலையில் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதிலாக ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, டீசல் கார்களின் பின்பகுதியில் புகை அளக்கும் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டியது. அக்குழுவில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான அரவிந்த் திருவேங்கடம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரைகூட ஒரு கார் போய்த் திரும்பியது. சோதனைக்கூடத்தில் சுத்தமாகத் தேறிய ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை விட்டது. அந்த அளவீட்டின் நூலைப் பிடித்துப் போனதில்தான், சோதனை நடப்பதை உணர்ந்து புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. கேபின் சென்சார் விஷயத்தில் யாரும் அப்படி ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சாலையில் அளந்தால்தான் சாலையின் உண்மை தெரியும் என்பதற்கே இந்தக் கதை.

நம் நாட்டில் வண்டியின் புகைக்குழாய்க்குச் சோதனை உண்டு. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழில் பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள், டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி. நுண்தூசியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அந்தச் சான்றிதழில் வருவதில்லை. வண்டிக்கு உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் காற்றுக்கோ அதில் இடமே கிடையாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நாற்பது டிகிரி வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது பெரிய ஆறுதல், வரவேற்க வேண்டிய விதி. அதே டிப்பர் குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும்போது அந்த ஏ.சி. இழுக்கப்போவது கல்தூசியைத்தான். குளிர்ச்சியைக் கேட்ட விதி, கல்தூசியைத் தாங்கும் ஃபில்டரையும் அதை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் சென்சாரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குவாரி உரிமத்தோடு இணைத்து மாநில அரசே இதைச் செய்யத் தொடங்கலாம்.

காருக்குள் இருப்பவருக்காவது மூட ஒரு பட்டன் இருக்கிறது. சாலையோரம் டீ ஆற்றுகிறவருக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கும் மூடுவதற்கு எதுவும் இல்லை. கிரஷரிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் மிதக்கும் தூசி ஒரு கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஊர்க்காற்றில் பிஎம் 10 நாளொன்றுக்குச் சராசரியாக 100-ஐத் தாண்டக்கூடாது என்பது 2009-ன் தேசியத் தரம். முதலாவது எல்லா அளவுத் துகள்களையும் சேர்த்தது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டுமே எண்கள், எண்ணை அளக்கக் கருவி வேண்டும், அளந்ததை ஊரார் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் குவாரிகளைப் பற்றிக் கேள்வி கேட்பது எவ்வளவு கனமான காரியம் என்பதை நாடே பார்த்தது. சட்டவிரோதக் குவாரிகள் குறித்துத் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த திருமயம் அருகே வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காகி, கைதுகள் நடந்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. ஒரு தனி மனிதர் மனுவோடு அலைய வேண்டிய நிலைமை மாற வேண்டுமானால், காற்றின் கணக்கு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

காரில் வைக்க முடிந்த லேசர் சென்சாரைவிடத் தரமான ஒன்றை, கல்தூசியையும் சரியாக எண்ணக்கூடியதாகத் தேர்ந்து, திருமயம் பஸ் ஸ்டாண்டிலும் கிரஷர்களுக்குப் போகும் சாலைகளிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைக்கலாம். பிஎம் 2.5, பிஎம் 10 இரண்டையும் தமிழில், பெரிய எழுத்தில், எந்த அளவுகோல் என்று சொல்லிக் காட்டும் பலகை ஒன்று அதோடு வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அதன் பக்கத்தில் வாரியத்தின் அளவுக் கருவியை வைத்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் முத்திரை போட்ட ஆண்டைப் பார்ப்பதுபோல, கடைசியாகச் சோதித்த தேதியையும் சோதித்தவரின் கையெழுத்தையும் போகிற வருகிற யாரும் நின்று படிக்கும்படி அந்தப் பலகையின் அடியில் ஒட்டி வைக்க வேண்டும்.